முலாமுக்கு முன்னே மழுக்குதல்: பிஸ்டல் சட்டகத்தின் கூர் விளிம்புகள்

முலாம் பூசிய கைத்துப்பாக்கியைச் சுடுகளத்தில் நெடுநேரம் பயன்படுத்துவோர் பலரும் சொல்லும் குறை, சட்டகத்தின் விளிம்புகள் கையைப் பதம் பார்க்கின்றன என்பதே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள மெல்லிய தசை சிவந்து கன்றிப்போகும். டிரிகர் கார்டின் அடியில் உரசி நடுவிரலின் தோல் உரியும். மேகசினை ஓங்கி ஏற்றும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி கீறிக்கொள்ளும். ஓர் அரமும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலையாகவே இது முதல் பார்வைக்குத் தோன்றும். நீலப்பூச்சு மட்டும் கொண்ட எஃகுச் சட்டகமாக இருந்தால் அந்த எண்ணத்தில் பெரிய பிழையில்லை. மழுக்கிய இடத்தில் மறுபடி நீலம் ஏற்றிவிடலாம். நிக்கலோ குரோமியமோ பூசிய சட்டகத்தில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே பிசிறை முலாமின் மேலேயே தீர்க்கலாம். விளிம்பின் கூர்மையை முலாமுக்கு அடியில்தான் தீர்க்க வேண்டும். இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இந்த ஒரே கருத்தைத்தான். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், எப்போது அரத்தைத் தொடலாம், எப்போது தொடக் கூடாது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

விளக்கத்துக்கு எடுத்துக்கொள்வது ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட எம்1911 பிஸ்டல். நூறாண்டுக்கு மேலாகப் பலரும் தயாரித்து, பலரும் மாற்றியமைத்து வரும் இந்தத் துப்பாக்கியின் சட்டகம் நிக்கல், கடினக் குரோமியம், மின்சாரமில்லா நிக்கல் என எல்லா வகை முலாமும் கண்டிருக்கிறது. கழற்றி மாற்றக்கூடிய பாகங்களும் இதில் நிறைய. எனவே இதைக் கொண்டு சொல்வது பிற உலோகச் சட்டகங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

உறுத்தல் மூன்று வகை

கை வலிக்கிறது என்ற ஒரே புகாருக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். முதலாவது பிசிறு. வெட்டுக்கருவி விட்டுச்சென்ற நுண்ணிய உலோக முட்களும், முலாம் படியும்போது விளிம்பில் உருவாகும் மணி போன்ற முடிச்சுகளும் இதில் அடங்கும். இது தோலைக் கீறும். இரண்டாவது, உண்மையான கூர்விளிம்பு. இரண்டு தட்டையான முகங்கள் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும் கோடு இது; பிசிறே இல்லாவிட்டாலும் அழுத்தத்தை மெல்லிய கோட்டில் குவித்து வெட்டும். மூன்றாவது, வடிவத்தின் குறை. பின்னால் வரும் ஹேமருக்கும் கிரிப் சேஃப்டிக்கும் நடுவே தசை சிக்குவது இதற்குச் சான்று. இங்கே விளிம்பை எவ்வளவு மழுக்கினாலும் கடி நிற்காது, ஏனென்றால் கை இருக்க வேண்டிய இடத்தில் உலோகம் வந்து போகிறது.

மூன்றாவது வகைக்கான தீர்வைத் தரைப்படையே காட்டியிருக்கிறது. 1920களில் எம்1911ஐத் திருத்தி எம்1911ஏ1 என்ற வடிவைக் கொண்டுவந்தபோது, ஹேமர் கடிக்காமலிருக்க கிரிப் சேஃப்டியின் வாலை நீட்டினார்கள், டிரிகரைக் குட்டையாக்கினார்கள், டிரிகருக்குப் பின்னால் சட்டகத்தின் இருபுறமும் விரலுக்கு இடம்விட்டுச் செதுக்கினார்கள், கைப்பிடியின் பின்புறமுள்ள மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கை வளைத்து அமைத்தார்கள். இவை எல்லாம் இறுதிப் பூச்சுக்கு முன்னால், உலோகத்தின் வடிவத்திலேயே செய்யப்பட்டவை. கையின் வசதியை வடிவ நிலையில் தீர்த்துவிட்டு, பூச்சைக் கடைசியில் ஏற்றும் இந்த வரிசை பின்னால் நாம் வந்தடையப்போகும் முடிவுக்கும் பொருந்துகிறது.

கூர்விளிம்பு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு எளிய இயற்பியல் போதும். .45 ஏசிபி தோட்டாவின் வழக்கமான குண்டு 230 கிரெயின், அதாவது ஏறத்தாழ 14.9 கிராம். அது வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. துப்பாக்கியின் எடை 1.1 கிலோ அளவு. உந்தக் கணக்குப்படி, வெடிவாயுவின் பங்கைச் சேர்க்காமலே, துப்பாக்கி வினாடிக்கு மூன்று மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் கைக்குள் உதைத்துக்கொண்டு வர முனைகிறது. அந்த உதை அகலமான பரப்பில் இறங்கினால் தள்ளலாக உணர்கிறோம். மயிரிழை அகலக் கோட்டில் இறங்கினால் வெட்டாக உணர்கிறோம். விசை மாறவில்லை, அதைத் தாங்கும் பரப்புதான் மாறுகிறது. ஆகவே விளிம்பைப் பெரிய வளைவாக்கத் தேவையில்லை. கால் மில்லிமீட்டர் ஆரம் கொண்ட சிறு உருட்டலே பெரும் மாற்றம் தரும். இயந்திரப் பட்டறை வரைபடங்களில் கூர்விளிம்புகளை உடைக்கவும் என்று எழுதும் குறிப்புக்கும் வழக்கமான அளவு ஏறக்குறைய இதுவே: 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை.

முலாமின் தடிமனும் விளிம்பின் கணக்கும்

கால் மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு மிகச் சிறிது. முலாமின் கண்ணோட்டத்தில் அது மிகப் பெரிது. துப்பாக்கிகளில் ஏற்றும் நிக்கல், கடினக் குரோமியம் ஆகியவற்றின் தடிமன் பெரும்பாலும் சில மைக்ரானிலிருந்து இருபத்தைந்து மைக்ரான் வரைதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலங்காரக் குரோமியம் இன்னும் மெல்லியது: நிக்கல் படலத்தின்மேல் அரை மைக்ரானுக்கும் குறைவாக ஏற்றப்படுவது அது.

செங்கோண விளிம்பு ஒன்றைக் குறிப்பிட்ட ஆரத்துக்கு உருட்டினால், நுனியிலிருந்து உள்நோக்கி நீங்கும் ஆழம் அந்த ஆரத்தில் சுமார் 41 விழுக்காடு. கால் மில்லிமீட்டர் ஆரத்துக்கு இது 100 மைக்ரானைத் தாண்டும். இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். அடியிலுள்ள எஃகைத் தொடாமல் முலாமுக்குள்ளேயே எவ்வளவு உருட்ட முடியும்? வடிவியல் தரும் உச்சவரம்பு, முலாமின் தடிமனைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஆரம். 15 மைக்ரான் முலாம் என்றால் 0.05 மில்லிமீட்டர். அந்த எல்லையை எட்டும்போதே நுனியில் முலாம் முற்றிலும் தீர்ந்து எஃகு எட்டிப் பார்க்கும். பாதித் தடிமனாவது மிஞ்ச வேண்டுமென்றால் ஆரமும் பாதியாகிவிடும். கைக்கு இதம் தரும் கால் மில்லிமீட்டர் ஆரத்தை முலாமுக்குள்ளேயே அடைய வேண்டுமானால், 70 மைக்ரானுக்கு மேல் முலாம் இருந்தாக வேண்டும். சாதாரணமாகப் பூசப்பட்ட எந்தச் சட்டகத்திலும் அவ்வளவு இருப்பதில்லை.

உப்புத்தாளின் கணக்கும் இதையே சொல்கிறது. ஐரோப்பிய அளவுமுறையில் பி400 எண்ணுள்ள தாளின் சராசரி மணல்துகள் 35 மைக்ரான். பி1000இல் சுமார் 18 மைக்ரான். பி2000இல் சுமார் 10 மைக்ரான். துகளின் அளவு முழுவதும் கீறலின் ஆழமாகிவிடுவதில்லை என்பது உண்மை. ஆனாலும், பூச்சைவிடப் பெரிய மணலைக் கொண்டு பூச்சைப் பத்திரமாகத் தேய்க்கிறோம் என்று சொல்லிக்கொள்வது நம்பகமான திட்டமாகாது.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் சோதனை ஒன்றே: முலாம் பூசிய விளிம்பைத் தேய்த்து, கூர்மை நன்றாகக் குறைந்துவிட்டது என்று கை உணர்ந்தால், முலாம் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். முலாமும் இருக்கட்டும், விளிம்பும் உருளட்டும் என்ற இரண்டு ஆசைகளும் மேலிருந்து தேய்ப்பதால் ஒருசேர நிறைவேறாது. பிசிறின் கணக்கு வேறு. சில மைக்ரான் உயர முட்களையும் முடிச்சுகளையும் எடுக்க, முலாமில் இருக்கும் இடமே போதும்.

முலாம் திறந்த இடத்தில் நடப்பது

சரி, எஃகு கொஞ்சம் தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் முலாம்களுக்குள் உள்ள அடிப்படை வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தகரக் கூரைகளில் உள்ள துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகம். ஆகவே கீறல் விழுந்த இடத்திலும் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. நிக்கலின் இயல்பு இதற்கு நேரெதிர். திட்ட மின்னழுத்தம் இரும்புக்கு மைனஸ் 0.44 வோல்ட், நிக்கலுக்கு மைனஸ் 0.25 வோல்ட் அளவு. அதாவது நிக்கல் இரும்பைவிட நிலைபெற்ற உலோகம். முலாம் முழுமையாக மூடியிருக்கும் வரை அது சுவராக நின்று காக்கும். ஓரிடத்தில் திறந்துவிட்டால், வியர்வையின் உப்புநீர் நடுவே இருக்க, பரந்த நிக்கல் பரப்பு ஒருபுறமும் மெல்லிய எஃகுக் கோடு மறுபுறமுமாக ஒரு மின்கலம் உருவாகும். அரிப்பு முழுவதும் அந்தச் சிறு கோட்டில் குவியும். பூசாத எஃகில் பரவலாகப் படியும் துரு, இங்கே குழியாக இறங்கும். பிறகு முலாமின் அடியில் ஊர்ந்து அதை உயர்த்திப் பெயர்க்கும். உரிந்த முலாமின் விளிம்பு, நாம் எடுக்க நினைத்த பழைய விளிம்பைவிடக் கூர்மையாகக் கையில் ஏறும். வசதிக்காகச் செய்த வேலை வசதியையே கெடுப்பது இப்படித்தான்.

பழைய நிக்கல் பூச்சுகள் சிலவற்றில் எஃகுக்கும் நிக்கலுக்கும் நடுவே மெல்லிய செம்புப் படலம் உண்டு. விளிம்பில் அது திறந்துவிட்டால், குழலைச் சுத்தம் செய்யப் பயன்படும் அம்மோனியா கலந்த கரைசல்கள் அந்தச் செம்பைக் கரைத்து முலாமை அடியிலிருந்தே கழற்றிவிடும். அலுமினியச் சட்டகங்களில் நிலைமை இன்னும் மோசம். 1950 வாக்கில் கோல்ட் கமாண்டர் வெளிவந்ததிலிருந்து 1911 வகைத் துப்பாக்கிகளிலும் அலுமினியச் சட்டகம் புழக்கத்தில் இருக்கிறது. அலுமினியம் நிக்கலிடமிருந்து மின்னழுத்தத்தில் இரும்பைவிட இன்னும் விலகி நிற்பதால், நிக்கல் திறந்த இடத்தில் கொப்புளம் கட்டி அரிபடும்.

கூர்விளிம்பு முலாமுக்கும் பகை

இதுவரை சொன்னது, முலாம் இட்டபின் மழுக்குவது ஏன் தவறு என்பதற்கான காரணங்கள். முலாமுக்கு முன்பே மழுக்குவது ஏன் சரி என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மின்முலாம் தொட்டியில் மின்னோட்டம் பொருளின்மேல் சமமாகப் பரவுவதில்லை. விளிம்புகளிலும் முனைகளிலும் நெருக்கமாகப் பாய்கிறது, உள்மூலைகளில் மெலிந்துவிடுகிறது. அதனால் கூர்விளிம்பில் உலோகம் அதிகமாகப் படிந்து தடிக்கும். மின்னோட்டம் அளவு மீறினால் அந்தப் படிவு கருகி, சொரசொரப்பாகி, நொறுங்கும் தன்மை பெறும். கடினக் குரோமியத்தில் இந்தச் சமமின்மை நிக்கலைவிட அதிகம். பட்டறையிலிருந்து கொஞ்சம் கூராக வந்த விளிம்பு, முலாம் தொட்டியிலிருந்து முடிச்சுகளோடு இன்னும் கூராக வெளிவருவதற்குக் காரணம் இதுவே.

மின்சாரமில்லா நிக்கல் இந்தக் குறையிலிருந்து தப்பியது. 1940களில் அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் வளர்த்தெடுத்த இம்முறையில் வேதிவினையே நிக்கலைப் படியவைக்கிறது. மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே தடிமன் கிடைக்கிறது. ஆனால் அதே காரணத்தால் அது எதையும் மறைப்பதில்லை. கூர்விளிம்பைக் கொடுத்தால் கூர்விளிம்பாகவே திருப்பித் தரும். முலாம் பூசினால் விளிம்பு தானே மென்மையாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இரண்டு முறைகளிலும் ஆதாரம் இல்லை.

அலுமினியத்தில் செய்யும் கடின அனோடைசிங் இந்தக் கருத்தை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே ஆக்சைடு படலம் முகத்துக்குச் செங்குத்தாக வளர்வதால், கூர்மூலையில் இரு முகங்களின் படலங்களும் விலகி நடுவே பிளவு விடுகின்றன. அமெரிக்க இராணுவத்தின் அனோடைசிங் விவரக்குறிப்பான மில்-ஏ-8625, 25 மைக்ரான் தடிமனுக்கு விளிம்பில் சுமார் 0.8 மில்லிமீட்டர் ஆரமும், 50 மைக்ரானுக்குச் சுமார் 1.6 மில்லிமீட்டர் ஆரமும் இருக்கப் பரிந்துரைக்கிறது. அந்த அளவுகளை எழுதியவர்கள் கருதியது பூச்சின் உறுதியை. கைக்கு இதமான உருட்டலும் பூச்சுக்குத் தேவையான உருட்டலும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. வசதியா, நீடித்த உழைப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முதலில் உருட்டு, பிறகு பூசு என்ற வரிசை இரண்டையும் தருகிறது.

மறுப்புகளும் விடைகளும்

துப்பாக்கி அறிந்தவர்கள் இந்த வாதத்துக்கு நான்கு மறுப்புகளை முன்வைக்கக்கூடும். முதலாவது: நாளும் உறையில் போட்டு எடுக்கும் துப்பாக்கியில் விளிம்பு முலாம் எப்படியும் தேயத்தான் போகிறது, அதை நாமே முன்கூட்டித் தேய்த்தால் என்ன? உறையின் தேய்மானம் முதலில் விளிம்பைத் தாக்குகிறது என்பது உண்மை. ஆனால் அது தாக்குவதற்குக் காரணமே விளிம்பு கூராக இருப்பதுதான். உருண்ட விளிம்பில் உரசல் பரவி முலாம் நெடுநாள் நிற்கும். எனவே இந்த மறுப்பு, முலாமுக்கு முன் மழுக்க வேண்டும் என்பதற்கே வலுச் சேர்க்கிறது.

இரண்டாவது: அடியில் இருப்பது துருப்பிடிக்காத எஃகு என்றால் இந்த அச்சம் வேண்டாமே? இதில் பெரும்பகுதி நியாயம் இருக்கிறது. அத்தகைய சட்டகத்தில் முலாம் திறந்தாலும் குழித்துரு எளிதில் வராது. நிற வேறுபாடு மட்டும் தெரியும். ஆயினும் துருப்பிடிக்காத எஃகின்மேல் முலாம் பற்றிக்கொள்வதே கடினம். அதற்கெனத் தனியான அடிப்பூச்சு தேவைப்படுகிறது. அந்தப் பிடிப்பு பலவீனமாக இருந்தால், திறந்த விளிம்பிலிருந்தே உரிதல் தொடங்கும். அடியுலோகம் எது என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தைக் கொண்டு உறுதிசெய்த பிறகு, தோற்றக் குறையை ஏற்றுக்கொள்ளும் மனநிலை இருந்தால், இங்கே மட்டும் விதியைத் தளர்த்தலாம்.

மூன்றாவது: முலாமை நீக்கி மறுபடி பூசுவது செலவும் தாமதமும் பிடித்த வேலை, சின்ன உறுத்தலுக்கு இது மிகை. இந்த மறுப்பு முலாம் நீக்குவதைத் தள்ளிப்போடச் சொன்னால் ஏற்கத்தக்கது. அரத்தை எடுக்கச் சொன்னால் ஏற்க முடியாது. உறுத்துவது எப்போதும் சட்டகம்தான் என்று யார் சொன்னது? கிரிப் சேஃப்டி, கட்டைவிரல் சேஃப்டி, மெயின்ஸ்பிரிங் ஹவுசிங், கைப்பிடித் தகடுகள் ஆகிய நான்கும் கழற்றி மாற்றக்கூடியவை. கைப்பிடித் தகடுகளைத் தடித்ததாகவோ மெல்லியதாகவோ மாற்றினாலே கை இருக்கும் இடம் நகர்ந்து சில விளிம்புகள் தொடாமல் போய்விடும். பூசப்படாத மாற்றுப் பாகத்தை வாங்கி மழுக்கிப் பிறகு பூசுவது, முழுச் சட்டகத்தையும் தொட்டிக்கு அனுப்புவதைவிட மிக எளிது. இவை எல்லாம் பலிக்காதபோதுதான் சட்டகத்தின் முறை வரும்.

நான்காவது: விளிம்புகளை எல்லாம் உருட்டிவிட்டால் பிடி வழுக்குமே, துப்பாக்கியின் கம்பீரமான கோடுகளும் மங்கிப்போகுமே? இது மிகச் சரியான எச்சரிக்கை. கைப்பிடியின் முன்முகத்தில் அங்குலத்துக்கு 20 அல்லது 30 கோடு என்ற கணக்கில் வெட்டப்படும் கட்டச் செதுக்கல் வேண்டுமென்றே கூராக்கப்பட்டது. அதன் வேலையே பிடித்துக்கொள்வது. அது தோலைக் கீறினால் நுனிகளை மட்டும் இலேசாகத் தட்டையாக்கலாம், அதுவும் முலாமுக்கு முன்பே. மற்ற இடங்களில் கை உண்மையில் தொடும் விளிம்புகளை மட்டும் எடுக்க வேண்டும். தேய்ப்புச் சக்கரத்தில் முழுச் சட்டகத்தையும் கொடுத்து எடுப்பவர்கள் தட்டை முகங்களை அலையாக்கி, எழுத்துகளை மங்கடித்துவிடுவார்கள். கோடுகள் மங்குவதற்குக் காரணம் உருட்டல் அல்ல, அளவில்லாத உருட்டல்.

வேலையின் வரிசை

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். தோட்டாக்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. பிறகு உறுத்தும் இடங்களைக் கண்டறியும் பணி. சந்தேகத்துக்குரிய விளிம்புகளில் அழியக்கூடிய மார்க்கர் மையைத் தடவி, வெற்றுத் துப்பாக்கியை வழக்கமான பிடியில் பலமுறை பிடித்துப் பார்த்தால், கையில் மை ஒட்டிய இடங்கள் எந்த விளிம்பு எங்கே தொடுகிறது என்பதைச் சொல்லிவிடும். தொடாத விளிம்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அடுத்து, தொடும் விளிம்புகளின் மேல் பஞ்சையோ பழைய நைலான் காலுறையையோ மெல்ல இழுக்க வேண்டும். இழை சிக்கினால் பிசிறு. சிக்காமல் வழுக்கிச் சென்றும் கை வலிக்கிறது என்றால் கூர்விளிம்பு. இந்தச் சோதனையே அடுத்த வழியைத் தீர்மானிக்கிறது.

பிசிறு என்றால், கெட்டியான கம்பளித் துண்டில் உலோக மெருகுப் பசையைத் தடவி விளிம்பின் நீளவாக்கில் கையால் தேய்ப்பது போதுமானது. அதற்கும் அடங்காத முடிச்சுக்கு மட்டும் பி2000 தாளை எண்ணெயில் நனைத்து, சிறு மரத்துண்டில் சுற்றி, நாலைந்து இழுப்புகள். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் பஞ்சால் சோதித்து, சிக்குவது நின்றவுடன் நிறுத்த வேண்டும். சுழலும் மின்கருவி இந்த வேலைக்கு ஆகாது. ராக்வெல் சி அளவில் கடினக் குரோமியம் 65க்கு மேல் நிற்பதால் அரமே அதன்மேல் வழுக்கும். அதை வெல்ல மின்கருவியின் வேகத்தை நாடும்போது, சூடும் அதிர்வும் சேர்ந்து விளிம்பு முலாமைச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

கூர்விளிம்பு என்றால், மாற்றுப் பாகங்களை முயன்று பார்த்த பிறகு, துப்பாக்கிக் கொல்லரிடமும் முலாம் பட்டறையிடமும் போக வேண்டும். பழைய முலாமை அவர்கள் ரசாயனத்தாலோ மின்னோட்டத்தைத் திருப்பியோ நீக்குவார்கள். தேய்த்து நீக்கினால் அடியுலோகத்தின் அளவு மாறிவிடும். வெறும் உலோகம் தெரிந்தபின் மழுக்கும் முறை இது. மென்வெட்டு அரத்தால் விளிம்பில் 45 பாகைச் சாய்வில் ஒரே அகலமான பட்டை ஒன்றை எடுக்க வேண்டும். அதன் இருபுறமும் உருவாகும் புதிய முனைகளில் மேலும் இரண்டு மெல்லிய பட்டைகள். இப்போது விளிம்பு ஏறக்குறைய வளைவாகிவிட்டது. எஞ்சியதை எண்ணெயிட்ட சாணைக்கல்லாலும், பிறகு எமரித் துணியைப் பட்டையாகக் கிழித்து, செருப்புக்கு மெருகேற்றுவது போலக் குறுக்கே இழுத்தும் உருட்டிவிடலாம். நேராகக் கையால் உருட்டத் தொடங்குவதைவிட இப்படிப் பட்டைகளாக எடுப்பது நல்லது. பட்டையின் அகலம் கண்ணுக்குத் தெரிவதால் விளிம்பு முழுதும் ஒரே அளவாக வரும். கட்டைவிரல் சேஃப்டிக்குக் கீழே உள்ள பகுதி, டிரிகர் கார்டும் கைப்பிடியும் சேரும் வளைவு, மேகசின் நுழையும் வாயின் அடிவிளிம்பு, சட்டகத்தின் பின்வால் ஆகியவையே பெரும்பாலும் கவனிக்க வேண்டிய இடங்கள்.

தொடவே கூடாத இடங்களும் உண்டு. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், பின் துளைகள், தோட்டா ஏறும் சரிவு, சேஃப்டிகள் உள்ளே பொருந்தும் முகங்கள் ஆகியவற்றின் விளிம்புகள் துப்பாக்கியின் இயக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் உரியவை. முலாம் இடும்போதும் இவற்றை நினைவில் வைக்க வேண்டும்: தண்டவாளத்தின் ஒவ்வொரு முகத்திலும் ஏறும் பத்துப் பதினைந்து மைக்ரான், ஸ்லைடின் ஓட்டத்தை இறுக்கிவிடலாம். எந்தப் பகுதியை மூடிவைத்துப் பூச வேண்டும் என்பதை முலாம் பட்டறையிடம் எழுத்தில் கொடுப்பது நல்லது. அமிலக் குளியலும் மின்முலாமும் எஃகுக்குள் ஹைட்ரஜனைப் புகுத்துகின்றன. கடினமாக்கப்பட்ட சிறு பாகங்களுக்கு இது நொறுங்கும் தன்மையைத் தரும். முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் 190 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவது இதற்கான வழக்கம். ஸ்பிரிங்குகளை முலாம் தொட்டிக்கே அனுப்பாமலிருப்பது அதைவிட நல்லது. எல்லாம் திரும்பி வந்து பூட்டியபின், வெற்றுத் துப்பாக்கியில் இரண்டு சேஃப்டிகளும் டிரிகரும் ஹேமரும் உரிய முறையில் இயங்குகின்றனவா என்று கொல்லரைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

உடலும் சட்டமும்

நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும் உலோகம். தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே விதித்தது. ஆகவே கை சிவப்பது உரசலாலா, ஒவ்வாமையாலா என்பதையும் பார்க்க வேண்டும். விளிம்பே தொடாத இடத்திலும் அரிப்பும் தடிப்பும் வந்தால், அரமும் முலாம் பட்டறையும் அதைத் தீர்க்காது. தோல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். தேய்க்கும்போது நிக்கல் தூசியை மூச்சில் இழுக்காமல், ஈரமாகவே தேய்த்து, கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும்.

அமெரிக்கச் சட்டப்படி சட்டகமே துப்பாக்கி. தொடர் எண் அதன்மேல்தான் இருக்கிறது. அந்த எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ கூட்டாட்சிக் குற்றம். ஆகவே எண்ணுக்கு அருகில் அரமோ தாளோ போவதற்கு முன் அந்த இடத்தைப் பட்டையொட்டி மறைக்க வேண்டும். மெருகேற்றத்தில் எண் மங்கக் கூடாது என்று பட்டறையிடமும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் கேட்கிறது. இந்திய வாசகர்கள் இந்த அத்தியாயத்தை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிவதற்காகவே படிக்க வேண்டும்.

முடிவெடுக்கும் வழியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இழை சிக்கினால் முலாமின் மேலேயே மெருகேற்றி, சிக்கல் நின்றதும் நிறுத்துங்கள். இழை சிக்காமல் கை வலித்தால் முதலில் கழற்றக்கூடிய பாகங்களை மாற்றிப் பாருங்கள். அதற்கும் தீராவிட்டால் முலாமை நீக்கி, உருட்டி, மறுபடி பூசுங்கள். அதற்கு மனமோ பணமோ இல்லாவிட்டால் விளிம்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். புதிதாக முலாம் பூசத் திட்டமிடுவோருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: தொட்டிக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள், பூசாத சட்டகத்தை ஒரு மணி நேரம் கையில் வைத்துப் பார்த்து, உறுத்தும் விளிம்புகளை அப்போதே குறித்து மழுக்கிவிடுவது. அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குபவருக்கு இந்த அத்தியாயத்தின் மற்ற பக்கங்கள் பெரும்பாலும் தேவைப்படாது.